ஆர்கனும் ஓபோவும்: வேலூர் கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு வருமுன் கேட்கிற கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில், வேலூரில் எங்கள் சபையில் ஒரு மாலைக் கச்சேரி. ஆர்கன் ஒன்று, ஓபோ ஒன்று, அவ்வளவுதான். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து பாடகர் குழுவில் இருக்கிற எங்களை யாரும் சும்மா விடவில்லை. பால் பூத்தில் கேட்கிறார்கள், காட்பாடி போகிற பஸ்ஸில் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் இசையை முறையாகப் படித்தவன் அல்ல. பல வருடமாக டெனர் வரிசையில் நின்று பாடுகிறவன், ஒத்திகைகளில் நாற்காலி தூக்குகிறவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

ஆர்கன் நிகழ்ச்சி என்றால் உறுப்பு தான முகாமா?

சிரிக்காதீர்கள், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியை நம்பி ஊர் ஊராக ஜனங்கள் வந்திறங்குகிற இடத்தில் ‘ஆர்கன்’ என்று போஸ்டர் ஒட்டினால் வேறு என்ன நினைப்பார்கள்? ஒருவர் கையெழுத்துப் போடத் தயாராக ஆதார் கார்டு நகலோடு வந்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். இது ஆர்கன் என்கிற வாத்தியம். ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

அப்படியானால் நம்ம ஆர்மோனியமா? கீபோர்டா?

இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம், ஆனால் இரண்டும் இல்லை.

ஆர்மோனியத்தில் காற்று பித்தளை நாக்குகளை அதிரவைக்கிறது. மிஷனரிகள் காலத்திலிருந்து பழைய சபைகளில் இருந்த, காலால் மிதிக்கிற பெட்டியும் அந்த வகைதான். கீபோர்டில் காற்றே இல்லை. உண்மையான ஆர்கன் என்பது ஒரு பெரிய குழல் கூட்டம். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. துருத்தியிலிருந்து வரும் காற்று ஒரு பெட்டியில் அழுத்தத்தோடு காத்திருக்கும். கட்டையை அழுத்தினால் அந்தக் குழாயின் வாசல் திறக்கும், ஓசை வரும். விரலை எடுக்கும்வரை ஓசை தேயாது, அதே கனத்தோடு நிற்கும். பியானோவால் அது முடியாது.

குழாய் நீண்டால் சுருதி இறங்கும். எட்டு அடிக் குழாய் வரிசை நாம் பாடுகிற அளவில் ஒலிக்கும். பதினாறு அடி வரிசை ஒரு ஸ்தாயி கீழே, நான்கு அடி வரிசை ஒரு ஸ்தாயி மேலே. கட்டைகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற குமிழ்களை இழுத்தால் எந்த வரிசை பேச வேண்டும் என்பது மாறும். அந்தக் குமிழ்களுக்கு ‘ஸ்டாப்’ என்று பெயர். இந்த வாத்தியத்தின் மூதாதை கிறிஸ்துவுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்தது. தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கி ஊதிய கருவி அது. செய்தவர் பெயர் டெசிபியஸ். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற வருடமாக இருந்தால் நாமும் முயன்று பார்க்கலாம்.

உங்கள் சபையில் குழாய் ஆர்கன் இருக்கிறதா?

இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வந்து பார்த்துவிட்டு ஏமாந்தோம் என்று சொல்லக் கூடாது. வாசிக்கப்போவது டிஜிட்டல் ஆர்கன். உண்மையான குழாய்களின் ஓசையைப் பதிவு செய்து, கட்டையை அழுத்தும்போது ஒலிபெருக்கி வழியாகத் தருகிற கருவி. ஆனால் இரண்டு அடுக்குக் கட்டைகளும், காலுக்கான கட்டை வரிசையும் முறையாக உண்டு. வாசிப்பவருக்கு வேலை ஒன்றேதான்.

குழாய் ஆர்கனை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் சென்னைக்கு ரயில் ஏறுங்கள். எழும்பூரில் ‘கர்க்’ என்று சொல்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்திலும், கதீட்ரல் சாலையில் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலும் இருக்கிறது. ஒருமுறை கர்க்கில் பதினாறு அடிக் குழாய் பேசியபோது நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. காதுக்கு முன்னால் முதுகுக்குத் தெரிந்தது. டிஜிட்டலில் அது பாதிதான் கிடைக்கும்.

ஓபோ என்பது என்ன? கிளாரிநெட்டா?

பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கறுப்பு மரம், வெள்ளிச் சாவிகள், ஏறக்குறைய இரண்டு அடி நீளம். ஆனால் கிளாரிநெட்டில் ஊதுவாயில் ஒற்றைத் தட்டை, உள்துளை ஒரே அகலம். ஏ.கே.சி. நடராஜன் வாசித்தது அதைத்தான். ஓபோவில் இரண்டு மெல்லிய தட்டைகள் ஒன்றோடொன்று கட்டியிருக்கும். உள்துளை மேலே குறுகிக் கீழே விரியும். இந்த இரண்டு வித்தியாசத்தால் ஓசையே வேறு. ஓபோவின் குரல் கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல், ஆனால் கூட்டத்துக்கு நடுவே தனியாகக் கேட்கும். ‘ஓபுவா’ என்கிற பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது ஓபோ. ஓங்கி ஒலிக்கும் மரம் என்று பொருள் வரும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸில் இந்த வடிவம் பிறந்தது. அதற்கு முன் தெருவிலும் ஊர்வலத்திலும் ஊதிய ‘ஷாம்’ என்கிற முரட்டுக் குழலை அரண்மனைக்குள் கொண்டுபோகத் தோதாக மென்மையாக்கினார்கள்.

இரண்டு தட்டை, விரியும் துளை... இது நாதஸ்வரம் அல்லவா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆமாம், ஒரே குடும்பம். எங்கள் தெருவில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற நாதஸ்வரக்காரர் ஒருவரை ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டைவிட அவருக்குத் தட்டையின் மேல்தான் கண். ஓபோக்காரர் தன் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். பெரியவர் தன் பைக்குள் கைவிட்டுச் சீவாளியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் நாணல் இனத்துத் தட்டை, இரண்டையும் நூலால் கட்டுகிறார்கள், இரண்டையும் ஈரமாக்காமல் வாயில் வைக்க முடியாது. சீவாளியை ஏற்றுகிற உலோகக் குழலுக்கு அவர் கெண்டை என்றார். ஓபோவிலும் அப்படி ஒரு குட்டி உலோகக் குழல், சுற்றிலும் தக்கை. “இவ்வளவு சின்ன வாயாக வைத்திருக்கிறீர்களே, காற்று எங்கே போகும்?” என்று கேட்டார். சீவாளி விசிறிபோல் அகன்றது. ஓபோவின் தட்டை நுனி சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகல்.

அப்புறம் வித்தியாசம். நாதஸ்வரத்தில் சாவி கிடையாது. துளையை விரலால் பாதி மூடியும் உதட்டை இறுக்கித் தளர்த்தியும் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற இடமெல்லாம் போகலாம், கமகம் அங்கேதான் பிறக்கிறது. ஓபோவின் சாவிகள் ஸ்வரங்களைப் படிக்கட்டுபோல் பிரித்து வைக்கின்றன. வேகமாக ஏறி இறங்கலாம், வழுக்கிப் போவது கடினம். மரமும் வேறு. நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம், அதிலும் பழைய வீட்டு உத்தரம் விட்டம் என்றால் விசேஷம். ஓபோவுக்கு ஆப்பிரிக்கக் கருமரம். நாதஸ்வரம் திறந்தவெளிக்கு, ஓபோ அறைக்கு. எங்கள் பெரியவர் ஒரு ஊது ஊதியபோது ஆலயத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. ஓபோக்காரர் கைதட்டினார்.

இந்த இரண்டு வாத்தியங்களையும் ஏன் சேர்த்தார்கள்?

செலவு ஒரு காரணம், மறைக்க வேண்டாம். ஓபோவுக்காக எழுதிய கச்சேரி இசையில் பின்னணிக்குத் தந்திக் கருவிகள் ஏழெட்டாவது வேண்டும். வேலூரில் அத்தனை பேரைச் சேர்ப்பது நடக்கிற காரியமா? ஆர்கன் ஒன்று இருந்தால் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒருவர் இரண்டு கையிலும் இரண்டு காலிலும் வாசித்துவிடுவார்.

ஆனால் செலவுக்காக மட்டும் இல்லை. ஆர்கன் மூச்சு விடாத வாத்தியம். ஓபோ மூச்சாலேயே ஆன வாத்தியம். அசையாத ஓசைமேல் ஒரு மனிதனுடைய மூச்சு ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்கும். இந்த ஜோடிக்கென்றே எழுதியவர் ஒருவரும் உண்டு: யோஹான் லுட்விக் கிரெப்ஸ், 1713 முதல் 1780 வரை வாழ்ந்தவர், ஜெர்மனியின் பெரிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கிடம் படித்தவர். ஜெர்மன் மொழியில் பாக் என்றால் ஓடை, கிரெப்ஸ் என்றால் நண்டு. ‘ஓடையில் அகப்பட்ட ஒரே நண்டு’ என்று அந்தக் காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். பக்திப் பாட்டின் மெட்டை ஓபோ நிதானமாகப் பாட, ஆர்கன் அதைச் சுற்றிப் பின்னல் போடும். நிகழ்ச்சியில் அவருடைய உருப்படி ஒன்று உண்டு.

இன்னொரு வேடிக்கை. ஆர்கனிலேயே ‘ஓபோ’ என்று பெயர் எழுதிய ஸ்டாப் இருக்கும், ஓபோ மாதிரிக் குரல் தருகிற குழாய் வரிசை. நிஜ ஓபோ நிற்கும்போது அதை இழுத்தால் இரண்டும் குழம்பிவிடும். ஒத்திகையில் ஒரே ஒரு தடவை எதிரொலிக்காக இழுத்துப் பார்த்தார்கள். யார் நிஜம் என்று கடைசி பெஞ்சில் இருந்த எனக்குத் தெரியவில்லை, அது எனக்குப் பிடித்துவிட்டது. வாசிப்பவர் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கும் ஓபோவுக்கும் என்ன சம்பந்தம்?

மேய்ப்பர்கள்தான் சம்பந்தம். இத்தாலியில் அப்ரூட்ஸோ மலைப்பக்கத்து ஆட்டிடையர்கள் கிறிஸ்துமஸ் நாட்களில் ரோம் நகரத்துக்கு இறங்கி வந்து, மாதா சொரூபங்களுக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். ஒருவர் கையில் ஷாம் வகைக் குழல். இன்னொருவர் கையில் ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்து ஊதுகிற கருவி, அது விடாமல் ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருக்கும். ‘பிஃபராரி’ என்று இவர்களுக்குப் பெயர்.

கொஞ்சம் கண்ணை மூடி யோசியுங்கள். ஒருவர் குழல், ஒருவர் ஒத்து. கோவில் வாசலில் மார்கழிக் காலையில் நாம் கேட்டு வளர்ந்த அதே ஏற்பாடு.

நகரத்து இசைக்காரர்கள் இந்த ஓசையைத் தங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து ‘பாஸ்டரால்’ என்று ஒரு வகையே உருவாயிற்று. நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்குள்ளும் தகிட தகிட என்று மும்மூன்று. கீழே அசையாத சுருதி, மேலே தாலாட்டுப் போல ஆடுகிற மெட்டு. கான்செர்ட்டோ என்றால் ஒன்றிரண்டு வாத்தியங்கள் முன்னால் வாசிக்க மற்றவை துணைபோகிற இசை; கொரெல்லியின் கிறிஸ்துமஸ் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதி இப்படித்தான் இருக்கும், 1714-ல் அச்சானது. ஹாண்டல் தன் ‘மெசையா’வில், மேய்ப்பர்களிடம் தூதன் வருகிற இடத்துக்கு முன்னால் ‘பிஃபா’ என்று தலைப்பிட்டு ஒரு சின்ன வாத்திய இசை வைத்தார். தலைப்பே அந்த ஊதுகிறவர்களின் பெயர்தான். பாக் 1734-ல் எழுதிய கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ என்கிற வேதக் கதைப்பாட்டின் இரண்டாம் பாகம் வயல்வெளிக் காட்சி. அங்கே நான்கு ஓபோக்கள், சாதாரண ஓபோவைவிடக் கீழ்ச் சுருதியில் பேசுகிறவை. அவைதான் மேய்ப்பர்கள், தந்தியும் புல்லாங்குழலும் தேவதூதர்கள் என்று கேட்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

பாக்கின் எஃப் மேஜர் பாஸ்டரால் ஆர்கனுக்கு மட்டும் எழுதியது. அதன் முதல் பகுதியில் காலுக்கு எழுதிய ஸ்வரங்கள் மிகக் குறைவு. ஒரு கட்டையை மிதித்தால் வரிவரியாக அப்படியே நிற்க வேண்டும். ஒத்து ஊதுகிறவருக்கு என்ன வேலையோ அதே வேலை, காலுக்கு. நம் ஊரில் ஒத்துக்காரர் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. அங்கே ஆர்கனின் கால்கட்டை பிடித்துக்கொண்டது.

வேறு என்னென்ன வாசிப்பார்கள்?

முழுப் பட்டியல் அன்று கையில் தருவோம். முக்கியமான இரண்டை மட்டும் சொல்கிறேன்.

அலெஸ்ஸாண்ட்ரோ மார்செல்லோவின் டி மைனர் ஓபோ கான்செர்ட்டோ. வெனிஸ்காரர். 1717-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அச்சாவதற்கு முன்பே இதன் கைப்பிரதி ஜெர்மனியில் இருந்த பாக்கின் கைக்குப் போய்விட்டது. அவர் அதைத் தனி விசைப்பலகைக்கு மாற்றி எழுதினார். இதில் நமக்குச் சுவையான ஒரு விஷயம் இருக்கிறது. அடாஜியோ என்கிற மெதுவான நடுப்பகுதியில் மார்செல்லோ எழுதியது வெறும் எலும்புக்கூடு மாதிரி, நீண்ட நீண்ட ஸ்வரங்கள் மட்டும். வாசிக்கிறவர் தன் மனோதர்மத்தில் அலங்காரம் போட வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். பாக் மாற்றி எழுதும்போது தான் போடுகிற அலங்காரத்தையும் எழுதிவைத்துவிட்டார். இன்றைக்கு ஓபோக்காரர்கள் பலர் அவர் போட்ட சங்கதிகளைத் திருப்பி ஓபோவில் வாசிக்கிறார்கள். புத்தகத்து ஸ்வரக் குறிப்பைப் பார்த்துக் கீர்த்தனை பாடுவதற்கும், குருவிடம் சங்கதியோடு பாடம் பண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் ஓபோக்காரர் முதல் பாதியை வெறுமையாகவும், அடுத்ததைப் பாக்கின் சங்கதிகளோடும் வாசிக்கப்போகிறார். காதை அங்கே வையுங்கள்.

இரண்டாவது, பாக்கின் 147-ஆம் எண் கான்டாட்டாவில், அதாவது ஆராதனைக்கென்று எழுதிய பாட்டுத் தொகுப்பில், வருகிற கோரல் என்கிற சபைப் பாட்டு. பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு தெரியும், கல்யாணங்களில் கேட்டிருப்பீர்கள். இடைவிடாமல் மும்மூன்றாக உருளுகிற அந்த வரியை மூலத்தில் வயலினும் ஓபோவும் சேர்ந்து வாசிக்கின்றன. இதைக் கிறிஸ்துமஸ் பாட்டு என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1723 ஜூலையில், மரியாள் எலிசபெத்தைப் பார்க்கப் போன நாளை நினைவுகூரும் ஆராதனைக்காக வாசித்தது. கர்ப்பிணி கர்ப்பிணியைப் பார்க்கப் போன பாட்டு, கிறிஸ்துமஸுக்கு ஆகாது என்று சொல்ல முடியுமா?

அல்பினோனியின் அடாஜியோ உண்டா?

கேட்டது ஒரு மருத்துவ மாணவி. இல்லையம்மா. அந்த ஜி மைனர் அடாஜியோ அல்பினோனி எழுதியதே அல்ல, 1958-ல் ரெமோ ஜியாசோட்டோ வெளியிட்டது. ஆனால் அல்பினோனி ஓபோவுக்கு நிஜமாகவே நிறைய எழுதியிருக்கிறார். 1722-ல் வந்த ஒன்பதாம் தொகுப்பில் இரண்டாவது கான்செர்ட்டோவின் மெதுவான பகுதி, இந்தப் பிரபலத்தைவிட அழகு என்பது என் கட்சி. நேரம் மிஞ்சினால் கடைசியில் வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

என்ன ராகம் என்று பிடித்துக்கொள்ளலாமா?

பிடிக்கலாம், ஆனால் கையை விட்டு நழுவும். மேஜர் என்றால் சங்கராபரணத்து ஸ்வரங்கள். மைனர் என்றால் நடபைரவியும் கீரவாணியும் மாறி மாறி எட்டிப்பார்க்கும். மார்செல்லோ டி மைனர் என்றால் நம் கணக்கில் இரண்டு கட்டைச் சுருதி. தொடங்கும்போது கீரவாணி என்று நிம்மதியாக உட்காருவீர்கள். இரண்டு நிமிடத்தில் ஷட்ஜமே இடம் மாறிவிடும், வேறொரு ஸ்வரத்தை வீடாக்கிக்கொண்டு அங்கே குடியிருந்துவிட்டுத் திரும்ப வரும். நமக்கு அது கிரகபேதம் மாதிரி. அவர்களுக்கு அதுதான் அன்றாடம். சுருதிப்பெட்டி போட்டு இந்த இசையைக் கேட்க முடியாததற்கு அதுவே காரணம். ராகம் தேடுவதை விட்டு, எப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறது, எப்போது திரும்புகிறது என்று பார்த்தால் பிடி கிடைக்கும். பாஸ்டரால் மட்டும் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும்.

பாட்டு எதுவும் இல்லையா? தமிழில்?

வாத்தியம் மட்டும்தான். ஆனால் மெட்டுகளில் சில உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மன் லுத்தரன் சபைகளில் பாடிய பாட்டுகள் தரங்கம்பாடி மிஷனரிகள் மூலமாகப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தமிழுக்கு வந்துவிட்டன. ஃபப்ரிசியஸ் ஐயர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. அதே மெட்டுகளைத்தான் பாக்கும் கிரெப்ஸும் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைகளிலிருந்து வருகிற பெரியவர்கள் போன ஒத்திகையில் ஓபோவோடு சேர்ந்து முணுமுணுத்தார்கள். தடுக்கவில்லை. கச்சேரியன்று மட்டும் மனதுக்குள் பாடினால் நல்லது.

யார் யாருக்குச் சுருதி சேர்ப்பார்கள்?

ஆர்கெஸ்ட்ராவில் ஓபோதான் ராஜா. அது ஒரு ஸ்வரம் ஊதும், மற்ற எல்லோரும் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஆர்கனோடு வாசிக்கும்போது கதை தலைகீழ். குழாய்களை அந்த நேரத்தில் யார் திருத்த முடியும்? ஓபோதான் இறங்கி வர வேண்டும்.

குழாய் ஆர்கனாக இருந்தால் வேலூர் வெயில் வேறு சேரும். காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும், குழாயின் சுருதி ஏறும். இருபது டிகிரியில் நொடிக்கு 440 அதிர்வுக்குச் சேர்த்த குழாய், முப்பது டிகிரியில் 447 பக்கம் போய்விடும். நம் ஊர் மே மாதத்தைக் கணக்குப் போட வேண்டாம். டிஜிட்டலுக்கு இந்த உபத்திரவம் இல்லை, சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் ஓபோவும் குழாய்தானே, சூட்டில் அது மட்டும் ஏறும். கச்சேரியை டிசம்பரில், அதுவும் வெயில் சாய்ந்தபின் வைக்க இதுவும் ஒரு காரணம்.

ஃபேன் போடுவீர்களா?

மிகவும் சண்டை போட்ட விஷயம் இது. பழைய சீலிங் ஃபேன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். அதோடு காற்று நேராகப் பட்டால் ஓபோவின் தட்டை காய்ந்துபோகும், காய்ந்தால் ஸ்வரம் பிசகும். கடைசியில் ஒப்பந்தம் இப்படி: வேகமான பகுதிகளில் ஓடும், மெதுவான பகுதிகளில் நிற்கும், மேடைக்கு மேலே இருப்பது மட்டும் கடைசிவரை ஓடாது. சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் நான்தான் நிற்பேன். என்னை முறைக்காதீர்கள்.

கரண்ட் போனால்?

போனது, ஒத்திகையில். ஆர்கன் நடு ஸ்வரத்தில் செத்தது, ஓபோ மட்டும் இருட்டில் நாலைந்து நொடி தனியாகப் போய், துணை இல்லை என்று தெரிந்து நின்றது. இப்போது பேட்டரி ஏற்பாடு செய்திருக்கிறோம். மின்சாரமே இல்லாத அந்தக் காலத்தில் ஆர்கனின் துருத்தியை மிதிக்க ஆள் வைப்பார்கள். பாக் காலத்து ஜெர்மன் ஆலயங்களில் அது கூலி வாங்குகிற வேலை. எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன்களிடம் சொன்னேன், ஜிம்முக்குக் கொடுக்கிற பணம் மிச்சம் என்றார்கள்.

ஆர்கன் வாசிப்பவர் ஏன் ஷூவை மாற்றுகிறார்?

கால்கட்டைகளுக்காக. அடிப்பாகம் மெல்லிசாகவும், பக்கத்துக் கட்டையில் இடிக்காத அளவு ஒடுக்கமாகவும், குதிகால் கொஞ்சம் உயரமாகவும் இருக்க வேண்டும். நுனியாலும் குதிகாலாலும் மாறி மாறி மிதிப்பார்கள். தெருவில் போட்ட ஷூவோடு ஏறினால் மண் கட்டைக்குள் போகும். எங்கள் ஆர்கன்காரர் வெளியூரில் விலை விசாரித்துவிட்டு மயக்கம் போடாத குறை. கடைசியில் ராணிப்பேட்டையில் ஒருவர் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்கு யோசித்திருக்கவே வேண்டாம். குழாய் ஆர்கனின் துருத்திக்கும் ஆட்டுத்தோல்தான் ஒட்டுகிறார்கள் என்று கேட்டதும் அவர் உடனே, எத்தனை சதுர அடி வேண்டும் என்றார்.

ஓபோக்காரர் முகம் ஏன் அப்படிச் சிவக்கிறது? மூச்சு போதவில்லையா?

போதாமல் இல்லை, மிஞ்சிப்போகிறது. தட்டையின் இடுக்கு அவ்வளவு குறுகல் என்பதால் உள்ளே இழுத்த காற்று முழுவதும் வெளியே போகாது. பயன்படாத பழைய காற்று நெஞ்சில் தங்கிவிடும். அதனால் புதுமூச்சு எடுக்குமுன் பழையதை வெளியே விட வேண்டும். கவனித்தால் தெரியும், வரிக்கும் வரிக்கும் நடுவில் முதலில் ஊதித்தள்ளுவார், அப்புறம்தான் இழுப்பார். உதடும் சீக்கிரம் களைத்துவிடும். நடுநடுவே ஆர்கன் தனியாக வாசிப்பது அவருக்கு ஓய்வு கொடுக்கத்தான்.

எப்போது கைதட்டுவது?

ஒரு கான்செர்ட்டோவில் மூன்று பகுதி இருக்கும். முதல் பகுதி முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி வரும், அங்கே பொறுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் எழுந்து நின்றால் தட்டலாம். தெரியாமல் தட்டிவிட்டாலும் குடி முழுகாது. தலையாட்டலாம். தொடையில் தாளம் போடலாம், பெஞ்சில் வேண்டாம், மரப்பெஞ்சு ஆலயம் முழுக்கக் கேட்கும். “பலே” என்று சொல்லத் தோன்றினால்? எங்கள் நாதஸ்வரப் பெரியவர் ஒத்திகையில் சொன்னார், ஓபோக்காரர் அதற்கப்புறம் இன்னும் நன்றாக வாசித்தார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, வரலாமா?

தாராளமாக. பிரசங்கம் கிடையாது. ஒரு ஜெபத்தோடு தொடங்கும், அவ்வளவுதான். கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரரும் மசூதியும் 1846-ல் கட்டிய ஆலயமும் சேர்ந்திருக்கிற ஊர் நம்முடையது. ஆமாம், அந்தக் கோட்டை ஆலயத்திலா என்று கேட்கிறவர்களுக்கு: அங்கே இல்லை. இடம் நோட்டீஸில் இருக்கிறது.

டிக்கெட், குழந்தைகள், போன்?

டிக்கெட் இல்லை, வாசலில் ஒரு பெட்டி இருக்கும், மனமிருந்தால் போடுங்கள். குழந்தைகள் வரட்டும், அழுதால் ஓரமாகப் போக வசதியாகப் பின்வரிசையில் உட்காருங்கள். போனை அணைத்துவிடுங்கள், சைலன்ட் போதாது, பெஞ்சுமேல் அதிர்ந்தால் அதுவும் ஒரு சுருதி. ஆர்கன்காரர் உங்களுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். காலைப் பார்க்க ஆசையிருந்தால் வலதுபக்க வரிசையில் முன்னாலேயே இடம் பிடியுங்கள்.

முடிந்தபின் வாத்தியங்களைத் தொட்டுப் பார்க்கலாமா?

ஆர்கனைத் தொடலாம், குழந்தைகளுக்கென்றே பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். ஓபோவைப் பார்க்கலாம், ஊதிப்பார்க்கக் கேட்காதீர்கள். தட்டையை அவரே உட்கார்ந்து சீவி, கட்டி, பதம் பார்த்துச் செய்கிறார். நல்லதாக அமைந்தது ஒன்று சில வாரம்தான் உழைக்கும். இன்னொருவருடைய சீவாளியை யாராவது வாயில் வைப்பார்களா? டீயும் பிளம் கேக்கும் ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில். காட்பாடிக்கு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், பாடகர் குழு வந்துவிட்டால் கேக் மிஞ்சாது.